நியாயம் தன் பக்கம் இருந்தவனின் கண்ணீர்

என் மூத்த அண்ணன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேற்கு மாம்பலத்தில் வாழ்ந்தவர். தென் மாவட்டத்துக் கத்தோலிக்கச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவராகச் சேர்ந்தார். ஈய எழுத்துகளின் காலம் முடிந்த பிறகு அங்கேயே மெய்ப்புத் திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றார். எங்கள் தந்தை இறந்தபோது நான் நான்காம் வகுப்பு மாணவன். அன்று முதல் குருமடத்தில் சேரும் வரையிலும், சேர்ந்த பிறகும், என் படிப்புக்கான பணம் அவருடைய சம்பளத்திலிருந்தே வந்தது.

கம்பனை அவர் எந்த வகுப்பறையிலும் கற்றவரல்லர். கம்பராமாயணப் பதிப்பு ஒன்றுக்கு அச்சுக் கோத்தவர்களுள் அவரும் ஒருவர். "ஒவ்வோர் எழுத்தாப் பொறுக்கி அடுக்கினவனுக்குப் பாட்டு மறக்குமா தம்பி?" என்பார். பணி முடிந்து மாம்பலம் இரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில், ஆரிய கவுடா சாலையிலுள்ள அயோத்தியா மண்டபத்தில் இராமாயணச் சொற்பொழிவு நடந்தால் சாலையோரம் நின்று கேட்பார். அவரை அறிந்த அயலார் யாரேனும் "உள்ளே வந்து உட்காருங்கோ" என்று அழைத்தால், "இங்கேயே நல்லாக் கேக்குது" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்டுவிட்டு வந்த இரவுகளில் எனக்குக் கடிதம் எழுதுவார். அக்கடிதங்களில் ஞாயிறு நற்செய்தியும் இருக்கும், கம்பனும் இருப்பான்.

ஒரு செய்தியில் மட்டும் எங்கள் இருவருக்கும் என்றுமே உடன்பாடு ஏற்பட்டதில்லை. அவருக்குக் கும்பகருணன் மீது பெரும் பற்று. வீடணனை அவருக்குப் பிடிக்காது. இராவணன் இறந்தபின் வீடணன் புலம்பும் பகுதியைப் பற்றி நான் ஒருமுறை வியந்து பேசியபோது, "கூடப் பிறந்தவனை விட்டுட்டுப் போனவன், அவன் செத்த பிறகு அழுதா என்ன, அழாட்டி என்ன?" என்று கேட்டார். அன்று நான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். இன்று அவர் இல்லை. கேள்வி மட்டும் நிற்கிறது. இக்கட்டுரை அதற்கு நான் தாமதமாகச் சொல்லும் மறுமொழி.

எங்களுக்குள் நேர்ந்தது

எங்கள் அன்னை இறந்தபின், ஊரிலிருந்த குடும்ப வீட்டை அண்ணன் விற்றார். தம் மகளின் திருமணச் செலவுக்காக விற்றார். எங்கள் சகோதரிகள் இருவரையும் கலந்து பேசவில்லை. அவர்களுக்குரிய பங்கையும் தரவில்லை. இது தவறு என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஆனால் நான் அதைச் சொன்ன இடம் அன்னையின் ஆண்டு நினைவு நாளில் உறவினர் எல்லாரும் கூடியிருந்த பந்தல். சொன்ன முறையோ ஏழாம் கட்டளையை எடுத்துக்காட்டிய ஒரு சிறு மறையுரை! அண்ணன் மறுத்துப் பேசவில்லை. எழுந்து நின்று, "சரிங்க சாமி" என்றார். அதுவரை, நான் குருப்பட்டம் பெற்ற பிறகும்கூட, என்னைத் "தம்பி" என்றன்றி வேறெவ்வாறும் அழைத்தறியாதவர் அவர். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் நான் அவருக்குச் "சாமி"யாகவே இருந்தேன். கடிதங்களும் நின்றுவிட்டன.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவர் இறந்தார். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றி மறையுரையும் ஆற்றினேன். உழைப்பாளி, தியாகி, எடுத்துக்காட்டான தந்தை என்று சொன்னேன். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அன்று மாலை அண்ணி என்னிடம், "நல்லாப் பேசினீங்க சாமி. ஆனா நீங்க சொன்னவரு எங்க வீட்டுல இருந்தவரு இல்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அதன்பின்தான் கம்பனின் யுத்த காண்டத்தை மீண்டும் கையில் எடுத்தேன்.

வீடணன் மீதுள்ள வழக்கு

தமிழ் மக்களின் நெஞ்சில் வீடணனுக்கு நல்ல இடம் கிடைத்ததில்லை. மேடையில் ஒருவரைத் துரோகி என்று ஏச வேண்டுமானால் அவன் பெயரைச் சொன்னாலே போதும். இதற்கு ஒரு காரணம் கம்பனே. வளர்த்தவனுக்காகச் சாவதே தன் முறை என்று சொல்லி, வீடணனின் அழைப்பைக் களத்திலேயே மறுத்துவிடும் கும்பகருணனை அவன் அவ்வளவு பெருமையோடு படைத்துவிட்டான். அண்ணனின் தவற்றை அறிந்தும் அண்ணனோடு சாகிறவன் ஒரு தம்பி. அறிந்ததைச் சொல்லி, விலக்கப்பட்டு, எதிரணியில் சேர்கிறவன் மற்றொரு தம்பி. நம் மனம் முதலாமவனிடமே செல்கிறது.

வீடணன் மீதான குற்றச்சாட்டை முதலில் முன்வைப்பவன் இராவணனே. சீதையை விட்டுவிடுமாறு அறிவுரை கூறும் வீடணன், இரணியன் அழிந்த கதையை அண்ணனுக்கு விரித்துரைக்கிறான். வான்மீகத்தில் இவ்விடத்தில் இல்லாத இக்கதையைக் கம்பன் ஒரு தனிப்படலமாகவே அமைத்திருக்கிறான். கதையைக் கேட்டு முடித்த இராவணன் அதிலிருந்து வேறொரு பாடத்தை எடுத்துக்கொள்கிறான். தந்தையின் மார்பு பிளக்கப்பட்டபோது மகிழ்ந்த மகன் பிரகலாதன். பகைவனோடு நட்புக் கொள்ள நினைக்கும் நீயும் அவனுக்கு நிகரானவன் என்று ஏசுகிறான். 'நான் இறந்தால் நீ மகிழ்வாய்' என்பதுதான் இவ்வேச்சின் உட்பொருள்.

இக்குற்றச்சாட்டுக்கு அவையில் வீடணன் என்ன சொல்லியும் பயனில்லை. ஏனெனில் அவன் சொல்வதெல்லாம் நியாயம். நியாயம் பேசுகிறவனின் நெஞ்சில் அன்பும் இருக்கிறதா என்பது நியாயத்தைக் கொண்டு மெய்ப்பிக்கக் கூடியதன்று. அதற்கான விடையைக் கம்பன் நெடுந்தொலைவு தள்ளி வைக்கிறான். நடுவே இந்திரசித்தனின் வேள்வி மறையைப் பகைவருக்கு வீடணன் உணர்த்துகிறான். இராவணன் வீடணனைக் கொல்லவே வேல் எறிகிறான்; அவ்வேலை இலக்குவன் தன் மார்பில் ஏற்றுக்கொள்கிறான். தம்பியால் அண்ணனின் மகன் மடிகிறான். அண்ணன் தம்பியின் உயிரையே குறிவைக்கிறான். இதற்கு மேல் ஓர் உறவில் முறிய என்ன இருக்கிறது என்று நாம் எண்ணும் இடத்தில் இராவணன் வீழ்கிறான்.

முதுகில் இருந்த வடுக்கள்

வீழ்ந்து கிடக்கும் இராவணனின் முதுகில் வடுக்களைக் காண்கிறான் இராமன். புறமுதுகிட்டவனையா வென்றோம் என்று நாணுகிறான்; அவ்வெற்றிக்குப் பெருமையில்லை என்று சொல்லிவிடுகிறான். இங்கே வீடணன் பேசுகிறான். இராவணனை முன்பு வென்றவர்களின் வெற்றிகள் எச்சூழலில் வந்தவை என்று எடுத்துரைக்கிறான். திசை யானைகளோடு பொருதபோது அவற்றின் கொம்புகள் மார்பில் நுழைந்ததால் உண்டான தழும்புகளே முதுகில் தெரிகின்றன என்று விளக்குகிறான்.

இக்காட்சியை வாசகர்கள் விரைந்து கடந்துவிடுவதுண்டு. புலம்பலுக்கு முன்பே இது அமைந்திருப்பது என் கருத்தில் மிகவும் முதன்மையானது. அழுவதற்கு முன் வீடணன் செய்யும் முதற்செயல், இறந்த அண்ணனின் மானத்தைக் கொன்றவன் முன்னிலையில் காப்பது. அண்ணனின் தவற்றை அவன் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அண்ணன் செய்யாத தவறு ஒன்று அவன் மேல் ஏறுவதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. உண்மை இரு புறமும் வெட்டும் வாள் என்பதை அறிந்தவனே இப்படி நடக்க இயலும். அண்ணனுக்கு எதிராக அதைப் பேசியவனுக்கே, அவனுக்காகவும் அதைப் பேசும் கடமை இருக்கிறது.

அதனைக் கேட்ட இராமன், இறந்தவன் மேல் பகை கொள்வதில் என்ன இருக்கிறது, அவனுக்குரிய கடனைச் செய் என்கிறான். அதன் பின்னரே வீடணன் அண்ணனின் உடல்மேல் விழுந்து புலம்புகிறான்.

கேள்விகளால் ஆன புலம்பல்

இப்புலம்பல் நீண்டதன்று, சில பாடல்களே. அவற்றை நான் பலமுறை படித்த பிறகே என் கண்ணில் பட்டவை மூன்று.

முதலாவது, விளிச்சொல். சில மணி நேரத்துக்கு முன்வரை எதிர்நின்று பொருதவனை, தன்மீது வேலெறிந்தவனை, வீடணன் "அண்ணா" என்று இருமுறை கூவுகிறான். உடனே, அசுரர்க்கும் அமரர்க்கும் அவன் எத்தகையவனாய் விளங்கினான் என்னும் பேரடைகள் தொடர்கின்றன. அவை காப்பியத்தின் மொழி. "அண்ணா" என்பதோ வீட்டின் மொழி. மேற்கு மாம்பலத்து மாடிப்படியில் நின்று யார் வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய சொல் அது. அவ்வளவு பெரிய போர்க்களத்தில் அவ்வளவு சிறிய சொல்லை வைக்கக் கம்பன் அஞ்சவில்லை. முறிந்த உறவில் முதலில் மறைவது விளிச்சொல்தான். "தம்பி" போய்ச் "சாமி" வந்த நாளை நான் மறக்கவில்லை. அது திரும்பி வரும்போதுதான் உறவு திரும்புகிறது. இராவணனுக்கோ அது கேட்கவில்லை.

இரண்டாவது, ஒரு தன்மைப் பன்மை. மறுவுலகில் நீ யார் முகத்தில் விழிப்பாய் என்று வீடணன் இராவணனிடம் கேட்கிறான். நல்லவர், தீயவர், நரகத்தில் உள்ளவர், துறக்கத்தில் உள்ளவர் என அனைவரும் பகைவராயிற்றே என்று இரங்குகிறான். அனைவரும் யாருக்குப் பகைவர்? "உனக்கு" என்று சொல்லியிருக்கலாம். "நமக்கு" என்ற பொருள்படவே வீடணன் சொல்கிறான். இராமனின் அணியில் நிற்பவன், இலங்கையின் அரசுரிமை வாக்களிக்கப்பட்டவன், துயரத்தின் நடுவில் தன்னை அறியாமலே அரக்கர் குலத்துக்குள் திரும்பி நிற்கிறான். அவன் அணி மாறியது உண்மை. ஆனால் குலம் மாறவில்லை. என் அண்ணனின் கேள்விக்கு இந்த ஒரு சொல்லே பாதி விடை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, புலம்பலின் கட்டமைப்பு. பாடலுக்குப் பாடல் அது கேள்விகளில் சென்று முடிகிறது. நான் சொன்னதை இப்போதாவது எண்ணிப் பார்ப்பாயா? உன் பேராசை இப்போதாவது அகன்றதா? தன் கணவனைக் கொன்ற பழியைச் சூர்ப்பணகை தீர்த்துக்கொண்டாளா? சீதையைத் தழுவ விரும்பி, இப்போது நிலமகளைத் தழுவிக் கிடக்கிறாயா? இக்கேள்விகளில் ஏச்சு இருக்கிறது. 'நான் அன்றே சொன்னேனே' என்ற பழைய நியாயம் இன்னும் அடங்காமல் ஒலிக்கிறது. அண்ணனைப் பித்தன் என்றும் அவன் அழைக்கிறான். பிணத்தின் முன் பேசக்கூடிய பேச்சா இது என்று தோன்றலாம்.

ஆயினும் இவற்றினிடையே ஒரு கேள்வி தனித்து நிற்கிறது. பிறன் மனைவிமேல் கொண்ட காதல் தீராப் பழி என்று தான் எடுத்துரைத்ததை நினைவூட்டும் வீடணன், அதனால் தன்மேல் எழுந்த சினம் இப்போது ஆறிவிட்டதா என்று இறந்தவனைக் கேட்கிறான். மற்றக் கேள்விகளெல்லாம் இராவணனைப் பற்றியவை. இது ஒன்றே இருவரையும் பற்றியது. நியாயம் தன் பக்கம் இருந்தது என்று தெரிந்தவன் ஏன் இதைக் கேட்க வேண்டும்? நியாயம் மட்டும் அவனுக்குப் போதவில்லை. அவன் சொன்னது சரியென்று அண்ணனின் சாவே மெய்ப்பித்துவிட்டது. அதுவே அவனுக்குப் பெருந்துயரமாகவும் ஆகிவிட்டது. தான் சொன்னது பொய்த்துப்போயிருந்தால் அண்ணன் உயிரோடு இருந்திருப்பான். இத்தகைய வெற்றியைப் பெற்றவனுக்கு எவரும் ஆறுதல் சொல்ல இயலாது.

புகழுரையும் புலம்பலும்

சாவு வீட்டில் ஏச்சை நாம் விரும்புவதில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் எல்லாரும் நல்லவர்களே. விவிலியத்திலும் இதற்கு ஒரு பெருமைமிக்க முன்மாதிரி உண்டு. சவுலும் யோனத்தானும் இறந்தபோது தாவீது பாடிய இரங்கற்பா சாமுவேலின் இரண்டாம் நூல் முதல் அதிகாரத்தில் உள்ளது. தன்னைக் கொல்லத் துரத்தியவர் சவுல். ஆயினும் அக்கொடுமையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அப்பாடலை யூதா மக்களுக்குக் கற்பிக்கவும் தாவீது ஆணையிட்டார். அது நாடு பாட வேண்டிய பாடல். அதனால் மறப்பது அங்கே பெருந்தன்மை.

வீடணனின் புலம்பல் நாட்டுக்கானதன்று. ஒருவன் ஒருவனிடம் பேசுவது. அங்கே மறப்பது பெருந்தன்மையாகாது. பேச்சை முறிப்பதாகவே முடியும். இறந்தவரின் குறையை மறைத்துவிட்டுப் புகழும்போது நாம் அவரோடு பேசுவதில்லை, கூடியிருப்பவர்களோடு பேசுகிறோம். நான் அடக்கத் திருப்பலியில் செய்தது இதுவே. தாவீதின் பாடலை நான் கடன் வாங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது வீடணனின் பாடல்.

திருச்சபை இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அடக்கத் திருப்பலியில் சுருக்கமான மறையுரை இருக்கலாம், இறந்தவரைப் பற்றிய புகழுரை கூடாது என்பது உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளுள் ஒன்று. குருமடத்தில் இதைக் கற்றபோது இரக்கமற்ற விதியாகத் தோன்றியது. இப்போது அதில் ஓர் இரக்கத்தைக் காண்கிறேன். இறந்தவரை நல்லவராக்கி அனுப்பும் பொறுப்பை அது நம் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. நமக்குத் தெரிந்த அதே மனிதரை, குறையோடும் நிறைவோடும், இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்க இடம் தருகிறது.

ஏச்சு விசுவாசத்துக்கு மாறானதும் அன்று. யோவான் நற்செய்தியின் பதினொன்றாம் அதிகாரத்தில், சகோதரனை இழந்த மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே வந்து ஆண்டவரிடம் ஒரே சொற்களைச் சொல்கிறார்கள். நீர் இங்கே இருந்திருந்தால் இவன் இறந்திருக்க மாட்டான் என்னும் அச்சொற்களில் நம்பிக்கையும் இருக்கிறது, குறைகூறலும் இருக்கிறது. அவர் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, கண்ணீர் விட்டார்.

மூத்தவரை இழந்த இரு புனிதர்கள்

அண்ணனை இழந்தவர்கள் நம் திருச்சபைத் தந்தையரிடையேயும் உண்டு. நீசா நகர் ஆயர் புனித கிரகோரியாரின் மூத்த அண்ணன் புனித பசிலியார். இருவருக்குமிடையே எப்போதும் இணக்கம் இருந்ததாகக் கொள்வதற்கில்லை. உறவினர் ஒருவரோடு பசிலியாருக்கு ஏற்பட்டிருந்த பிணக்கைத் தீர்க்க எண்ணிய கிரகோரியார், அவ்வுறவினர் எழுதியதுபோலக் கடிதங்களைத் தாமே புனைந்து அனுப்பி, அகப்பட்டுக்கொண்டார். அவரைக் கடிந்து பசிலியார் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தம்பியின் வெகுளித்தனத்தை அது இரக்கமின்றிச் சாடுகிறது.

கி.பி. 379இல் பசிலியார் இறந்ததும் கிரகோரியார் தம் அக்காள் புனித மக்ரீனாவைத் தேடிச் செல்கிறார். அக்காளோ தாமே மரணப் படுக்கையில் இருக்கிறார். ஆன்மாவையும் உயிர்ப்பையும் பற்றி அவர்களிடையே நிகழ்ந்ததாகக் கிரகோரியார் எழுதிய உரையாடல் நூலின் தொடக்கம் நம் சிந்தனைக்குரியது. தேர்ந்த குதிரை வீரர், மிரண்டோடும் குதிரையைச் சற்று ஓடவிட்டுப் பிறகு கடிவாளத்தை இழுப்பதுபோல, மக்ரீனா தம் தம்பியைச் சற்று அழவிட்டார், அதன் பின்னரே பேசத் தொடங்கினார் என்கிறார் அவர். கம்பனிலும் இதே ஒழுங்கு காணப்படுகிறது. வீடணன் அழுது தீர்க்கும்வரை எவரும் குறுக்கிடுவதில்லை. அதன் பின்னரே முதியவனான சாம்பவன் அவனைத் தூக்கி, விதியின் நிலையை எண்ணித் தேறுமாறு கூறுகிறான். மறுமையைப் பற்றிய இருவரின் நம்பிக்கையும் வேறு வேறு. சாம்பவன் விதியைச் சுட்டுகிறான். மக்ரீனா உயிர்ப்பைச் சுட்டுகிறார். ஆனால் எந்த நம்பிக்கையும் அழுகைக்குப் பின்னரே பேச வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். சாவு வீட்டில் நுழைந்த உடனே ஆறுதல் வசனம் சொல்லத் தொடங்கும் எங்களைப் போன்ற குருக்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

மற்றொருவர் கிளேர்வோ மடத்துத் தலைவர் புனித பெர்நார்து. அவருடைய அண்ணன் ஜெரார்து அதே மடத்தில் பண்டகப் பொறுப்பாளராக இருந்து 1138இல் இறந்தார். திருவுடை அணிந்து, அடக்கச் சடங்கு முழுவதையும் பெர்நார்து கலங்காத கண்களோடு நிறைவேற்றினார். பின்னர், இனிமைமிகு பாடலைப் பற்றிய தம் தொடர் மறையுரைகளுள் இருபத்தாறாவதை ஆற்றும்போது, விளக்கத்தை நடுவில் நிறுத்திவிட்டு, இதுவரை நடித்துக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டு வெளிப்படையாக அழுதார். திருவுடைக்குள் கண்ணீரை மறைத்த குரு நான் மட்டுமல்லன் என்று அறிவது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நம் தேம்பாவணியில், வீரமாமுனிவர் 1726இல் படைத்த அக்காப்பியத்தில், கருணையன் தன் தாய் எலிசபெத்தின் உடலை அடக்கி அழும் பகுதியை நாம் அறிவோம். மரமும் பறவையும் உடன் அழும் அப்பாடல்களின் அழகு குறையாதது. ஆயினும் அங்கே தாய்க்கும் மகனுக்கும் இடையே தீராத வழக்கு ஏதும் இல்லை. அதனால் அது தூய இரக்கம். அண்ணனை இழந்தவனுக்கு அத்தூய்மை அரிதாகவே வாய்க்கிறது. தந்தைக்கு அடுத்த இடத்தில் நின்று வளர்த்தவரும் அவரே. பங்குக்கும் பாகத்துக்கும் எதிரே நின்றவரும் அவரே. ஒரே மனிதரிடம் நன்றியும் வழக்கும் சேர்ந்தே இருப்பதால், அவருக்கான அழுகையும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. இக்கலப்பைத் துணிந்து பாடியதில்தான் கம்பனின் இப்பகுதி தேம்பாவணியிலிருந்து வேறுபடுகிறது.

ஒரு குறை

வீடணன் புலம்பலில் நான் காணும் குறை ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. அவன் எத்தனையோ கேள்விகளைக் கேட்கிறான். ஆனால், நான் அன்று சொன்ன முறை சரிதானா, நிறைந்த அவையில் அரசனாகிய அண்ணனிடம் அழிந்தவனின் கதையைச் சொன்னால் அவன் செவி திறக்குமா, அடைபடுமா என்ற கேள்வியை, என் வாசிப்பில், அவன் கேட்கவில்லை. அவன் தன் நியாயத்தைத் துயரத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டான். என் அண்ணனுக்கு வீடணனைப் பிடிக்காமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவர் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். வீடணனின் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அது முழுமையானதும் அன்று. கேட்காமல் விட்ட அக்கேள்வியைக் கேட்கும்வரை என் கண்ணீரும் முழுமையடையாது.

காணாமற்போன மகன் உவமையில் மூத்த மகனும் நியாயம் பேசுகிறவனே. அவன் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. அவன் நிற்பது மட்டும் வீட்டுக்கு வெளியே. தந்தை அவனையும் தேடி வெளியே வருகிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைச் சொல்லாமலே லூக்கா அதிகாரத்தை முடித்துவிடுகிறார். எங்கள் வீட்டில் வெளியே நின்றவன் மூத்தவனல்லன், இளையவன்.

அண்ணனின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக அண்மையில் மேற்கு மாம்பலம் சென்றிருந்தேன். இறந்தோர்க்கான கடன்களைச் செய்யச் சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நாடி வரும் ஞானவாபி அங்கேதான் இருக்கிறது. ஈர வேட்டியோடு வெளியே நின்ற இருவரைக் கண்டேன். உடன்பிறந்தவர்கள் போலத் தோன்றினார்கள். யாருக்காக வந்தார்களோ தெரியாது. ஒருவர் தேம்பிக்கொண்டிருந்தார், மற்றவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இராமன் வீடணனுக்குச் சொன்ன "கடன்" என்ற சொல் நினைவுக்கு வந்தது. கடன் என்பது எரிப்பதோடும் புதைப்பதோடும் முடிகிறதா?

அன்று மாலைத் திருப்பலியில் மறையுரையைச் சுருக்கிக்கொண்டேன். என் அண்ணன் எங்களை வளர்த்தார் என்று சொன்னேன். ஒரு செய்தியில் அவர் எங்களுக்குத் தவறு செய்தார் என்றும் சொன்னேன். அதை நான் அவருக்கு எடுத்துச் சொன்ன விதத்தில் அவரைவிடப் பெரிய தவறு செய்தேன் என்றும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த என் சகோதரிகள் இருவரும் அண்ணியின் கைகளைப் பற்றிக்கொண்டார்கள். எனக்குக் குரல் அடைத்தது. ஓராண்டுக்குப் பின், பீடத்தின் முன் நின்று, நான் அழுதேன்.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அண்ணி, "இன்னிக்கு நீங்க சொன்னது அவரைத்தான் தம்பி" என்றார்.